மண்ணில் கலக்கும் காரீயம்: வியாபாரிகள் அறிய வேண்டிய ஒரு சுகாதாரப் பாடம்



அரிசியில் கல் உண்டா, பருப்பில் வண்டு உண்டா, எண்ணெயில் கலப்படம் உண்டா என்று பார்த்துப் பார்த்துச் சரக்கு எடுப்பவர்கள் நாம். ஆனால் கடை நிற்கும் மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? அந்த மண்ணில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வேலையாட்களின் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். அதன் தூசிதான் காற்றில் எழுந்து நம் வீட்டுக்குள்ளும், திறந்து வைத்த மூட்டையின் மேலும் படிகிறது.

இதை எழுதும் நாம் டாக்டர் அல்ல. இரசாயனம் படித்தவரும் அல்ல. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுச் சிறு வயதிலேயே தராசைப் பிடித்தவர். ஆயினும் நமது கடையின் பின்புறத்தில் நடந்த ஒரு காரியம் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததையும், படித்தவர்களிடம் கேட்டு அறிந்ததையும் வரிசையாகச் சொல்லி, நமது பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எந்த ஈயம்?

மலேசியாவில் வாழும் நாம் ஈயம் என்றதும் பேராக் மாநிலத்தின் ஈயச் சுரங்கங்களை நினைக்கிறோம். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவதும் அதுவே. நாம் இங்கே பேசுவது அதுவன்று. இது காரீயம், கறுத்தது, கனத்தது, எளிதில் உருகுவது. மீன் வலையில் குண்டாகக் கட்டியதும், துப்பாக்கித் தோட்டாவாக வார்த்ததும் இதுதான். இரண்டிற்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. காரீயம் விஷம்.

இந்த விஷம் நம்மிடையே எங்கே இருக்கிறது? முதலாவது, மோட்டார் வண்டிகளின் பேட்டரியில். உலகில் பயனாகும் காரீயத்தில் முக்கால் பங்குக்கும் மேல் பேட்டரிக்கே போகிறது. ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம்தான். மீதியில் பெரும்பகுதி கந்தக அமிலம். இரண்டாவது, பழைய கட்டிடங்களின் வர்ணப் பூச்சில். மூன்றாவது, பெட்ரோலில். 1920ஆம் ஆண்டுகளில் இருந்து எஞ்சின் இரைச்சலின்றி ஓட வேண்டும் என்பதற்காகப் பெட்ரோலில் காரீயம் கலந்தார்கள். சிங்கப்பூர் 1998ஆம் ஆண்டில் அதை நிறுத்தியது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. ஆனால் அத்தனை ஆண்டுகளாகப் புகையோடு வெளிவந்த காரீயம் எங்கே போயிற்று? ஒரு பங்கு சாலையோர மண்ணிலேயே இன்னும் கிடக்கிறது.

டக்காரில் நடந்தது

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் என்னும் நாடு இருக்கிறது. ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தலைநகரம் டக்கார். நகரம் வேகமாக வளர்ந்து, கடலோரத்தில் இருந்த தியாரோய் என்னும் மீனவர் ஊரையும் தன்னுள் சேர்த்துக் கொண்டது. அங்கே பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயத்தை உருக்கி விற்கும் தொழில் நடந்து வந்தது. கூரை இல்லை, தளம் இல்லை, வெறும் மணல்தான். உடைத்த துகளும், வடித்த அமிலமும், உருக்கிய சாம்பலும் அந்த மணலிலேயே விழுந்தன.

2007ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் காரீயத்தின் விலை அதுவரை காணாத உயரத்திற்கு ஏறியது. விலை ஏறினால் சரக்கைத் தேடி ஆள் வருவார்கள் என்பதை வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லவும் வேண்டுமோ? பேட்டரி உடைத்த இடத்து மண்ணிலேயே காரீயத் துகள் ஏராளமாகக் கிடப்பதை அந்த ஊரார் அறிவார்கள். ஆகவே மண்ணைத் தோண்டினார்கள். மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பெண்கள் மாவு சலிப்பது போல மண்ணைச் சலித்துத் துகளைப் பிரித்து விற்றார்கள். தாய் சலித்தாள், மடியில் பிள்ளை இருந்தது.

2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்து மாதங்களில் அந்த ஒரு பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள். மூளையையும் நரம்பையும் தாக்கி விரைவாக முற்றிய நோய். காரணம் முதலில் எவருக்கும் விளங்கவில்லை. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தாரும் அந்நாட்டு மருத்துவர்களும் சென்று, இறந்த பிள்ளைகளின் உடன்பிறந்தவர்களையும், தாய்மாரையும், அக்கம்பக்கத்தாரையும் சோதித்தார்கள். சோதிக்கப்பட்டவர்கள் 81 பேர். அந்த 81 பேரின் உடலிலும் காரீய விஷம் இருந்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை.

கணக்கைக் கவனியுங்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே சோதித்த 50 குழந்தைகளில் மிகக் குறைந்த அளவே 39.8. மிக அதிகமான அளவு 613.9. சராசரி 129.5.

மண்ணையும் நிறுத்துப் பார்த்தார்கள். வெளியே மிகவும் கெட்டிருந்த இடத்தில் ஒரு கிலோ மண்ணில் 302 கிராம் காரீயம். வீட்டிற்குள்ளேயே கிலோவுக்கு 14 கிராம் வரை இருந்தது. இது எவ்வளவு பெரிய அளவு என்பதற்கு ஓர் ஒப்பு சொல்கிறோம். அமெரிக்காவில் வீட்டு மனையின் மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் இருந்தால் ஆராய வேண்டும் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2024ஆம் ஆண்டில் அதையும் 200 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். 200 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. தியாரோயின் அந்த மண்ணில் இருந்தது அதைப்போல் ஆயிரத்து ஐந்நூறு மடங்கு.

அந்த ஜனங்கள் திருடவில்லை. எவருக்கும் தீங்கு நினைக்கவும் இல்லை. விலை வந்த சரக்கை விற்றுப் பிழைத்தார்கள், அவ்வளவுதான். அந்த விலையில் 18 குழந்தைகளின் உயிர் சேர்க்கப்படவில்லை என்பதை எந்த வியாபாரியும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மண்ணிலிருந்து உடலுக்கு

காரீயம் உடலுக்குள் புகும் வழிகள் முக்கியமாக இரண்டு: வாய், மூக்கு. சிறு பிள்ளை தரையில் தவழ்கிறது. கையை வாயில் வைக்கிறது. அவ்வளவு போதும். பெரியவர்களாகிய நாம் விழுங்கும் காரீயத்தில் உடலில் தங்குவதைவிட, சிறு பிள்ளைகளுக்கு நான்கு ஐந்து மடங்கு அதிகமாகத் தங்குகிறது. வயிறு காலியாக இருந்தாலும், உணவில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தாலும் இன்னும் அதிகமாக ஏறுகிறது. ஆகவே ஏழைப் பிள்ளைக்கே அபாயம் அதிகம்.

உள்ளே போன காரீயத்தை உடல் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. பல ஆண்டுகள் அது அங்கே கிடக்கும். பெண் கர்ப்பம் தரிக்கும்போது எலும்பிலிருந்து இரத்தத்திற்கு இறங்கி, வயிற்றில் இருக்கும் சிசுவையும் சென்று சேர்கிறது. தாய் சிறுமியாக இருந்தபோது விளையாடிய மண், அவளுடைய பிள்ளையையும் தொடுகிறது.

அதிக அளவில் ஏறினால் வயிற்று வலி, இரத்த சோகை, வலிப்பு, மயக்கம், மரணம் வரை போகும். குறைந்த அளவில் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடும், சாப்பிடும், சிரிக்கும். ஆனால் படிப்பில் பின்தங்கும், கவனம் நில்லாது, கோபம் அதிகமாகும். நாமோ பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவோம். மூளைக்கு நேர்ந்த கேட்டை மருந்தால் திருப்பிவிட முடியாது என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்க விஷயம். அபாயமில்லாத அளவு என்று ஒன்று இருப்பதாக இதுவரை எவரும் கண்டதில்லை. உலகப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 80 கோடி பேர் வரை, இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக யூனிசெப் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவித்தது.

ஊர் வளரும்போது என்ன ஆகிறது?

காரீயம் மக்குவதில்லை. காகிதம் மக்கும், இலை மக்கும், மரமும் மக்கும். காரீயம் விழுந்த இடத்தில், மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். மழை பெய்தாலும் எளிதில் கரைந்து போகாது.

ஊரோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. பட்டறையும், குப்பை மேடும், பழைய இரும்புக் கிடங்கும் ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்று முன்னோர் வைத்தார்கள். இருபது முப்பது வருஷத்தில் ஊர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. பட்டறை போய் வீட்டு மனை வருகிறது. கிடங்கு போய்க் கடை வரிசை வருகிறது. வாங்குகிறவர் விலையைக் கேட்கிறார், பத்திரத்தைப் பார்க்கிறார். இங்கே முன்பு என்ன தொழில் நடந்தது என்று கேட்பதில்லை. ஆட்கள் மாறுகிறார்கள், பெயர்ப் பலகை மாறுகிறது, மண் மாறுவதில்லை.

இதை உணர்ந்து நடந்துகொண்டதற்கு ஓர் உதாரணம் அருகிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் லோரோங் ஹாலுஸ் என்னும் இடம் பல ஆண்டுகள் குப்பை கொட்டும் மைதானமாக இருந்து 1999ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மூடியாயிற்று, இனி என்ன என்று அவர்கள் விட்டுவிடவில்லை. குப்பையின் ஊடே இறங்கும் தண்ணீர் பக்கத்தில் உள்ள சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடக் கூடாது என்று தடுத்து, அதைச் சேகரித்து, நாணல் வளர்த்த குளங்களின் வழியாகச் சுத்தம் செய்கிறார்கள். அந்தச் சதுப்பு நிலப் பூங்கா 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குப்பை கொட்டுவது நின்று பன்னிரண்டு வருஷம் ஆன பின்பும் அந்த மண்ணுக்குக் காவல் வேண்டியிருந்தது.

அசட்டையாக இருந்ததற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. 2019 மார்ச் மாதம் ஜொகூரில் பாசிர் கூடாங் வட்டாரத்தில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடிரவாக இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அதன் ஆவியால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அந்த வட்டாரத்தில் 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அங்கே மணம் வீசியது. ஜனங்கள் உடனே அறிந்தார்கள். காரீயத்திற்கு மணமும் இல்லை.

மதரஸாவில் தயம்மும் பாடம் நடத்தும்போது ஹஜ்ரத் சொல்வார்கள்: தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண் தண்ணீரின் வேலையைச் செய்யும், ஆனால் அந்த மண் சுத்தமாக இருக்க வேண்டும் என்று. சிறு வயதில் அதை வாயால் ஒப்பித்தோம். நம்மைச் சுத்தம் செய்ய வேண்டிய மண்ணை நாமே கெடுக்கக் கூடும் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

நமது கடையின் பின்புறம்

இனி நமது பிழைக்கு வருகிறோம். பினாங்கில் நமது மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்ற வேனும் லாரியும் உண்டு. பழைய பேட்டரிகளைப் பின் சுவரோரம் போட்டு வைப்போம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தங்களுடையதை அங்கேயே கொண்டுவந்து வைப்பார்கள். பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து, அங்கேயே சுத்தியலால் உடைத்து, அமிலத்தைச் சாய்த்துவிட்டு, காரீயத் தகட்டை மட்டும் எடுத்துப் போவார். சுமை குறைவதால் பேட்டரிக்கு மூன்று வெள்ளி கூடுதலாகத் தருவார். ஆறு வருஷம் இப்படி நடந்தது.

நமது கடையில் வேலை செய்யும் ஒருவரின் மகன், பள்ளி விட்டதும் தகப்பனாருக்காகக் காத்திருப்பான். அந்தப் பின் சந்தில்தான் கோலி விளையாடுவான். குழி தோண்டுவான், விரலால் கோடு கிழிப்பான், அந்தக் கையாலேயே நாம் கொடுக்கும் பிஸ்கட்டைத் தின்பான்.

டக்காரில் நடந்ததைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் தகப்பனாரிடம் விஷயத்தைச் சொல்லி, பையனை டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தில் 7 மைக்ரோகிராம் என்று கணக்கு வந்தது. அவன் இனி அந்த மண்ணைத் தொடக் கூடாது, நல்ல உணவு கொடுங்கள், சில மாதம் கழித்து மீண்டும் சோதிக்கலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் தகப்பனார் ஒன்றே ஒன்று கேட்டார்: “முதலாளி, தெரிந்தா செய்தீர்கள்?”

தெரியாது என்று சொன்னோம். அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. அமிலம் சாய்த்த இடத்தில் ஆறு வருஷமாக ஒரு புல்லும் முளைக்கவில்லை. அதை நாம் தினமும் பார்த்தோம். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று வெள்ளி நின்றுபோயிருக்கும்.

பிறகு அதற்குரிய உரிமம் பெற்றவர்களை அழைத்து, அந்த இடத்து மேல் மண்ணை ஓர் அடி ஆழத்திற்கு எடுத்துப் போகச் செய்தோம். நல்ல மண் நிரப்பிச் சிமெண்டுத் தளம் போட்டோம். ஆறு வருஷத்தில் மூன்று மூன்று வெள்ளியாகச் சேர்ந்தது எல்லாம் கூட்டினால் 270 வெள்ளி. செலவானது அதைப்போல் முப்பது மடங்கு. எட்டு மாதம் கழித்துப் பையனின் கணக்கு 4 ஆக இறங்கியது. அவன் படிப்பில் கெட்டிக்காரன்தான். ஆயினும் அவன் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டான் என்று கேள்விப்பட்டால், நமது மனம் அந்தப் பின் சந்துக்குப் போய்விடுகிறது. அதற்கு நம்மிடம் பதில் இல்லை. எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

நாம் செய்ய வேண்டியவை

1. பழைய பேட்டரியை உடைக்காதீர்கள், உடைக்கவும் விடாதீர்கள். அமிலத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ சாய்க்காதீர்கள். புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, பழைய காரீய பேட்டரி முழுதாக இருந்தாலும் உடைந்திருந்தாலும், அட்டவணையிட்ட கழிவுகளில் 102ஆம் எண்ணில் சேர்ந்தது. உரிமம் பெற்ற இடத்திற்கே அது போய்ச் சேர வேண்டும்.

2. அதுவரை வைத்திருப்பதானால் கூரையின் கீழ், நிமிர்த்தி, ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல் வையுங்கள். அரிசி, பருப்பு, மசாலா இருக்கும் அறையில் வைக்க வேண்டாம்.

3. பேட்டரி, பட்டறை, பழைய இரும்பு ஆகிய தொழிலில் இருப்பவர்கள் வேலை உடையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. கை, முகம் கழுவி உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

4. பழைய கடை வீட்டைப் புதுப்பிக்கும்போது, பழைய வர்ணத்தை உலர்ந்தபடி சுரண்டவும், நெருப்பால் பொசுக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, கீழே விரிப்புப் போட்டு, விழுந்த செதிலை எல்லாம் கட்டி எடுங்கள். அந்நாட்களில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறிடத்தில் இருப்பது நலம்.

5. மனையோ கடையோ வாங்குமுன், முன்பு அங்கே என்ன இருந்தது என்று அக்கம்பக்கத்து முதியவர்களைக் கேளுங்கள். பட்டறை அல்லது குப்பை மேடு என்றால் மண்ணைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

6. வெறும் மண் தெரியும் இடத்தில் புல்லாவது சிமெண்டாவது இருக்கட்டும். சந்தேகமான மண்ணில் கீரையோ கிழங்கோ பயிரிட வேண்டாம். தொட்டியில் நல்ல மண் போட்டு வளருங்கள்.

7. செருப்பை வாசலிலேயே விடும் நமது பழைய வழக்கம் மிக நல்லது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்புவதைவிட ஈரத் துணியால் துடையுங்கள். உண்ணுமுன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால், முட்டை, கீரை, மீன் முதலியவற்றை அவர்களுக்குத் தவறாமல் கொடுங்கள்.

8. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் இரத்தச் சோதனை கேளுங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயமன்று. காலத்தில் அறிந்தால் மேலும் ஏறாமல் தடுக்கலாம்.

முடிவாக ஒரு வார்த்தை. கொள்முதல், வாடகை, கூலி, லாபம் எல்லாவற்றையும் நாம் பேரேட்டில் எழுதுகிறோம். மண்ணில் கொட்டியதை மட்டும் எழுதுவதில்லை. நாம் எழுதாவிட்டாலும் மண் அதைக் கணக்கில் வைத்துக் கொள்கிறது. அந்தக் கடனைக் கொட்டியவரிடம் அது கேட்பதில்லை. அங்கே கோலி விளையாட வரும் பிள்ளையிடம் கேட்கிறது. ஆகவே இந்த இதழைப் படித்து முடித்ததும், அருள்கூர்ந்து ஒரு தடவை கடையின் பின்பக்கம் சென்று பாருங்கள். புல் முளைக்காத இடம் ஏதாவது இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.